குடும்ப ஹோட்டல் என்றால் யாருடைய குடும்பம்?



மடுல்கெல்ல, பன்வில, வத்தேகம, மடவளைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் பத்து நாளாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு இது எங்கள் பதில். கொஞ்சம் நீளம்தான். வொய்ஸ் மெசேஜைப் பாதி கேட்டுவிட்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வதைவிட, முழுதாக வாசித்துவிட்டு எங்களைத் திட்டுங்கள்.

நடந்தது இதுதான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, ஆறு குடும்பம், 27 பேர், இரண்டு வேன். கிழக்குக் கரையில் திருத்தி முடித்துப் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு. பெண்கள் பத்து மாதமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. ஓர் அறைக்கு ஓர் இரவு 38,000 ரூபா. விளம்பரத்தில் "குடும்பங்களுக்கான கடற்கரை விடுதி" என்று போட்டு, உம்மா, வாப்பா, இரண்டு பிள்ளைகள் தண்ணீரில் சிரிக்கிற படமும் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பெயின்ட் வாசம் போகவில்லை. வரவேற்பு மண்டபத்துக் கதிரைகளில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. அதெல்லாம் பரவாயில்லை, புது இடம். தடாகம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது, நீல ஓடு பதித்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ஆழம் குறைத்து.

எங்கள் பிள்ளைகளில் இருவர், ஒருவருக்கு 13 வயது, மற்றவருக்கு 15. முழு உடலையும் மூடுகிற நீச்சல் உடை போட்டு இறங்கினார்கள். லைக்ரா துணி, கண்டியில் இதற்கென்றே வாங்கியது. ஐந்து நிமிடம்தான். தடாகத்துப் பொறுப்பாளர் வந்து ஏறச் சொன்னார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு பலகை இருக்கிறதாம், "உரிய நீச்சல் உடை மட்டும்" என்று. (கிழக்கு மாகாணத்தில், தமிழ் பேசுகிற ஊருக்கு நடுவில், அந்தப் பலகையில் தமிழ் இல்லை. அது வேறு கதை.) இது நீச்சல் உடைதான், துணியைத் தொட்டுப் பாருங்கள் என்றோம். மேலாளர் வந்தார். அவர் துணியைப் பற்றிப் பேசவில்லை. "சேர், தலை மூடுற உடுப்பு சரிவராது. மத்த கெஸ்ட்டுக்கு அசௌகரியம். வேணுமெண்டா விடிய ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், ஆக்கள் வர முன்னம் குளிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

ஆக்கள் வர முன்னம். அப்படியானால் நாங்கள் யார் என்று கேட்க வாய் வந்தது. பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று விட்டோம்.

அதே நேரம் தடாகத்தின் மறுமுனையில் சுழியோடிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான்கு பேர், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுத்த இறப்பர் உடை, இரண்டு பேருக்குத் தலையிலும் அதே இறப்பர் தொப்பி. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, வெயில் படாமலிருக்க முழுக்கை, முழுக்கால், கழுத்து வரை தொங்குகிற தொப்பி. அவர்களை யாரும் ஏறச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. எங்கள் பிள்ளைகளின் உடையில் அவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது துணியல்ல, காரணம். வெயிலுக்காக மூடலாம், குளிருக்காக மூடலாம், தொழிலுக்காக மூடலாம். மார்க்கத்துக்காக மூடினால் மற்றவருக்கு அசௌகரியம்.

ஹோட்டலின் பெயரை எழுதுங்கள், ஒரே நாளில் ரேட்டிங்கை இறக்கிவிடுவோம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எழுத மாட்டோம். அங்கே வேலை செய்கிற பொடியன்மாரில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்காமலே எங்கள் பிள்ளைகளுக்குத் துவாய் கொண்டுவந்து கொடுத்தார். பெயரை எழுதினால் இது ஒரு ஹோட்டலோடு சண்டையாக முடிந்துவிடும். இது ஒரு ஹோட்டலின் பிரச்சினையாக இருந்திருந்தால் நாங்கள் இதை எழுதவே தேவையில்லை.

சுகாதாரம் என்று சொல்கிறவர்களுக்கு முதலில். தடாகத்து நீரைக் கெடுப்பது வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசுகிற எண்ணெயும் கிரீமும். இவை குளோரினோடு சேரும்போது வருவதுதான் கண்ணை எரிக்கிற அந்த வாசம். இதற்கு மருந்து, இறங்க முன் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது. அந்தத் தடாகத்தின் பக்கத்தில் குளிக்கிற குழாய் இருந்தது. அதில் நனைந்துவிட்டு இறங்கியவர்களை நாங்கள் எண்ணிப் பார்த்தோம், எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து மூன்று பேர். பருத்தித் துணி நூல் விடும், வடிகட்டியில் சிக்கும், அதனால் சல்வாரோடும் சாரத்தோடும் இறங்காதே என்று ஒரு விதி இருந்தால் அது நியாயமான விதி. அந்த விதியை நாங்களே எங்கள் ஆட்களுக்குச் சொல்வோம். துணியைப் பற்றி விதி போடுங்கள், மீற்றர் கணக்கில் உடம்பைப் பற்றிப் போடாதீர்கள்.

இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. அரபு நாட்டிலிருந்து வந்ததில்லை. அவுஸ்திரேலியாவில், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த அஹீதா ஸனெட்டி என்ற பெண் 2004ல் வடிவமைத்தது. அடுத்த வருடம் டிசம்பரில் சிட்னியின் குரனுல்லா கடற்கரையில் இனக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டுக் கடல் உயிர்காப்புச் சங்கத்தார் செய்த வேலை என்ன தெரியுமா? முஸ்லிம் இளைஞர்களையும் யுவதிகளையும் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2007ல் மெக்கா லாலா என்ற பெண், சங்கத்தின் சிவப்பு மஞ்சள் நிறத்தில் அந்த உடையை அணிந்து உயிர்காப்பாளராகக் கரையில் நின்றார். எங்கள் நாட்டில் "அசௌகரியம்" என்று ஏறச் சொல்கிற உடை, அங்கே மூழ்குகிறவனைக் காப்பாற்றப் போகிறவரின் சீருடை. பிரான்ஸில் 2016ல் சில நகராட்சிகள் கடற்கரையில் இதைத் தடை செய்தபோது அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் ஓகஸ்ட் 26ஆம் திகதி அந்தத் தடைகளில் ஒன்றை நிறுத்தியது. அதே நீதிமன்றம் 2022ல் கிரனோபிள் நகரத் தடாகங்களில் இதற்குக் கொடுத்த அனுமதியை நிறுத்தியது. ஆகவே பிரான்ஸைக் காட்டி எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள் எந்தப் பிரான்ஸ் என்று முதலில் சொல்லட்டும்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம், சட்டத்தின் முன் அனைவரும் சமம். அதன் மூன்றாம் உட்பிரிவை வாசித்தவர்கள் குறைவு. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள், தத்தம் மதத்துப் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குள் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ இருக்கக் கூடாது என்கிறது அது. ஹோட்டல் என்ற சொல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நிபந்தனை என்ற சொல்லும் இருக்கிறது. விடிய ஆறிலிருந்து ஏழு வரை என்பது நிபந்தனை இல்லாமல் வேறென்ன?

அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்தால் இன்னும் விளங்கும். இந்த நாட்டில் கடைக்குள் ஏறித் தேநீர் குடிக்கவே போராட வேண்டியிருந்த மக்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் கடை வாசலில் நின்று போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்த காலம். 1957ல் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தேநீர்க் கடைப் பிரவேசம், 1968ல் மாவிட்டபுரம் கோயில் வாசல் என்று மக்கள் போய் நின்ற பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர்கள் பட்டதோடு எங்கள் இரண்டு இரவுப் பயணத்தை ஒப்பிட எங்களுக்கு வெட்கமாக இருக்கும், ஒப்பிடவில்லை. ஆனால் அன்று அவர்களுக்குச் சொன்ன பதில் எங்களுக்கும் சொல்லப்படுகிறது: உங்கள் வீட்டில் தேநீர் இல்லையா, இந்தக் கடையில் வந்துதான் குடிக்க வேண்டுமா?

இந்தப் பதிலை ஹோட்டல்காரர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவில் பாதி எங்கள் மஹல்லாவுக்கு.

ஒரு கூட்டம், "பொம்புளைப் புள்ளைகளைத் தடாகத்துக்குக் கொண்டுபோனதே பிழை, நல்லா வேணும்" என்கிறது. கண்ணியத்துக்குரிய மௌலவிமாரோடு மார்க்கச் சட்டம் பேச நாங்கள் வரவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுப்பதை வீண் விளையாட்டில் சேர்க்காத மார்க்கம் இது என்று மிம்பரில் அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறோம். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் மனைவியோடு ஓட்டப் பந்தயம் ஓடிய சம்பவத்தையும் அவர்களிடமே கேட்டோம். எங்கள் கேள்வி வேறு. அந்தத் தடாகத்தில் எங்கள் ஆண்கள் காற்சட்டையோடு குதித்துக் கூத்தடித்த இரண்டு நாளும் இந்தக் கூட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே? எங்கள் ஊரிலிருந்து போகிற எந்தப் பயணத்தையும் எடுத்துப் பாருங்கள், ஆற்றங்கரையாக இருக்கட்டும், கடற்கரையாக இருக்கட்டும். ஆண்கள் தண்ணீரில். பெண்கள் கரையில், பைக்கும் செருப்புக்கும் போனுக்கும் காவல். பெண்பிள்ளை பத்து வயது வரை தண்ணீரில் இருக்கும். பிறகு ஒரு நாள் உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்துவிடும். யாரும் உட்காரச் சொல்வதுகூட இல்லை, அதுவாக விளங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் உட்கார மாட்டோம் என்று, மார்க்கத்தையும் விடாமல், காசு கொடுத்து ஓர் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ஹோட்டலும் ஏறச் சொன்னது, ஊரும் ஏறச் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒரே குரலில் பேசுகின்றன என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இது விளையாட்டுக் காரியமும் இல்லை. நாங்கள் மலைநாட்டவர். எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஓடையும் நீர்வீழ்ச்சியும் ஆறும். கல் வழுக்கும், மேலே மழை பெய்தால் கீழே ஒரு நொடியில் வெள்ளம் வரும். பயணம் போன இடத்தில் தண்ணீரில் மூழ்கினார்கள் என்ற செய்தி வராத பெருநாள் விடுமுறை இந்த நாட்டில் அரிது. எங்கள் பாடசாலையில் தடாகம் இல்லை. பாதுகாப்பாக, ஆழம் தெரிந்த தண்ணீரில் ஒரு பிள்ளை மிதக்கப் பழகுவதற்கு வருடத்தில் கிடைப்பது இப்படி இரண்டு நாள்தான். அதையும் எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே பழகும்? ஆற்றிலா?

இன்னொரு கூட்டம் மெதுவாகப் பேசுகிறது. "இப்ப இருக்கிற நிலமையில இதையெல்லாம் பெரிசாக்காதீங்க. திகனயை மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை. 2018 மார்ச் மாதம் எரிந்த கடைகள் எங்கள் சொந்தக்காரர்களுடையவை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்ததால் எது நின்றது? 2020ல் எங்கள் ஜனாஸாக்களை எரித்தபோதும் இதே ஆலோசனைதான் சொன்னார்கள். வழக்குப் போட்டவர்கள் போட்டார்கள். அந்த டிசம்பரில் பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. திரும்பி வரும் வழியில் நாங்கள் மஜ்மா நகரில் வேனை நிறுத்தி ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். நீச்சல் உடுப்பும் ஜனாஸாவும் ஒன்றல்ல, தெரியும். பணிவாகக் கேட்டால் பெரிதாக்குவது என்று பெயர் வைப்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

இனி, கடற்கரையில் கண்டதையும் சொல்ல வேண்டும். தடாகத்திலிருந்து ஏற்றிய பிறகு பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போனோம். கடல் யாரையும் உடுப்புக் கேட்கவில்லை. ஆனால் ஹோட்டலின் காவலாளி விசிலோடு நின்றார். எங்களுக்கல்ல, அந்த ஊர்ப் பொடியன்மாருக்கு. சாய்கதிரைகள் போட்ட மணலுக்கு அருகில் அவர்கள் நடந்து வந்தால் விசில். ஒரு மீனவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தபோதும் விசில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகிவிட்டது போல. மணல் யாருடையது? கரை அரச காணி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர் நீர் மட்டத்திலிருந்து நிலப் பக்கம் 300 மீற்றர், தாழ் நீர் மட்டத்திலிருந்து கடல் பக்கம் இரண்டு கிலோமீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கே அனுமதி வேண்டும். அனுமதி கட்டடத்துக்கு, மணலுக்கல்ல.

பாசிக்குடாவின் கதையை எடுத்துப் பாருங்கள். பெயரிலேயே குடா. அரைக் கிலோமீற்றர் நடந்து போனாலும் இடுப்பளவுத் தண்ணீர் என்று சொல்லுமளவுக்கு ஆழம் குறைந்த கடல், பிள்ளைகளுக்கென்றே அல்லாஹ் வைத்த இடம். யுத்தத்துக்கு முன் அங்கே இருந்த ஹோட்டல்கள் அழிந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி மிச்சத்தையும் கொண்டுபோனது. அதன் பிறகு அரசாங்கம் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றது. குடிசை இழந்த மீனவன் உள்ளே போக வேண்டும், ஹோட்டலுக்கு விதிவிலக்கு. இந்தப் பாகுபாட்டை அறுகம்பையை வைத்து நயோமி கிளைன் உலகம் முழுக்கத் தெரியும்படி எழுதினார். எல்லைகளைப் பிறகு தளர்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் யுத்தம் முடிந்த கையோடு பாசிக்குடாவைச் சுற்றுலா வலயமாக்கிக் காணிகளை ஹோட்டல் கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2011லிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று அந்த வளைவில் பெரும் பகுதிக்கு முன்னால் ஹோட்டல் வரிசை. உள்ளூர்ச் சனத்துக்கு ஒரு பக்கத்தில் ஒரு துண்டு. விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், அந்தத் துண்டில் பஸ் பஸ்ஸாக இறங்கிய குடும்பங்கள் தோளோடு தோள் உரச நிற்கும். சிங்களக் குடும்பம், தமிழ்க் குடும்பம், எங்கள் குடும்பம், எல்லாம் உடுத்த உடுப்போடு ஒரே தண்ணீரில். அங்கே யாருக்கும் யாராலும் அசௌகரியம் வந்து நாங்கள் கண்டதில்லை.

திருத்திக் கட்டுவது என்றால் இப்போது இதுதான் பொருள். ஓடு மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், விலையைக் கூட்டுவார்கள், அத்தோடு ஆட்களையும் மாற்றப் பார்ப்பார்கள். அதே ஹோட்டலில் திருத்த முன்பு தங்கிய எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று, அப்போது பெண்கள் முழுக்கைச் சட்டையோடு தடாகத்தில் இறங்கினார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறது. பழைய ஓடு கழன்ற தடாகத்துக்கு நாங்கள் பொருத்தமானவர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022ல் பெற்றோல் வரிசையிலும் வெளிநாட்டார் வராமல் அறைகள் காலியாகக் கிடந்தபோது "உள்ளூர் வாசிகளுக்கு விசேட விலை" என்று எங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது இதே ஹோட்டல் துறைதான். அப்போது குடும்பம். இப்போது அசௌகரியம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. அறைக்கு நான்கு பேர் என்று புக் பண்ணிவிட்டு ஏழு பேர் ஏறுவது, குளியலறையில் சட்டி கழுவுவது, புரியாணிப் பார்சல் தாளை மணலில் விட்டுவிட்டு வருவது, இரவு ஒரு மணிக்குப் பாட்டுப் போடுவது. எங்கள் ஆட்கள் செய்கிறார்கள், எல்லா ஆட்களும் செய்கிறார்கள். இதற்கெல்லாம் விதி போடுங்கள், அபராதமும் போடுங்கள். அவை செயலுக்கான விதிகள். எங்கள் 27 பேரில் எவர் மீதும் அப்படி ஒரு முறைப்பாடும் இல்லை என்று வெளியேறும்போது மேலாளரே சொன்னார்.

சிலர், நாங்களே காசு சேர்த்துப் பெண்களுக்குத் தனித் தடாகத்தோடு ஹலால் ஹோட்டல் கட்டுவோம் என்கிறார்கள். துருக்கியில் 1996லிருந்தே அப்படி இருக்கிறது. கட்ட வசதியுள்ளவர்கள் கட்டட்டும், துஆச் செய்வோம். ஆனால் அதன் கட்டணம் எங்கள் சீட்டுக் காசுக்குள் வருமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். கணக்கு ஒரு பக்கம் இருக்க, கடைவீதியில் சிங்களவர் கடைக்கும் தமிழர் கடைக்கும் நடுவில் கடை வைத்து, ஒரே பஸ்ஸில் தொங்கி, ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வாழ்கிற நாங்கள், தண்ணீரில் மட்டும் தனியாக மதில் கட்டிக்கொண்டால் அந்த மேலாளர் சொன்னது சரி என்று நாங்களே எழுதிக் கொடுத்தது போலாகும்.

ஆகவே நாங்கள் செய்யப் போவது சின்னக் காரியம். அடிப்படை உரிமை மனு அரச செயலுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் ஹோட்டலை அந்த வழியில் இழுப்பது இலேசல்ல என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் ஹோட்டல்களைப் பதிவு செய்வது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. அதற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். தடாகத்து உடை விதி துணியைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். அந்த விதி மூன்று மொழியிலும், முற்பணம் வாங்க முன்னரே, புக்கிங் செய்கிறவருக்குக் காட்டப்பட வேண்டும். ஹோட்டலின் முன்னால் உள்ள மணலில் நடக்கிற ஊர்க்காரனைத் தடுக்கக் கூடாது. கடைசிக் கோரிக்கை எதற்கு என்று எங்களில் இருவர் கேட்டார்கள், அதை எடுப்பதாக இல்லை. காசு வாங்கிய பிறகு நிபந்தனை சொன்னதைப் பற்றி நுகர்வோர் அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகிறது. 1977க்குக் கோல் எடுத்தும் முறையிடலாம்.

பெருநாள் விடுமுறையில் வேறு ஹோட்டல்களில் இப்படி ஏறச் சொல்லப்பட்டவர்கள் இருந்தால் திகதி, புக்கிங் ரசீது, பலகையின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் வேண்டாம்.

கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. சிங்களத்தை எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிற சிங்கள ஆசிரியை ஒருவர்தான் திருத்தித் தந்தார், முதல் கையெழுத்தும் அவருடையது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஆண்களுக்கும், பின்னேரம் நான்கு மணிக்கு மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்கும் வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் ஒரு பிரதி இருக்கும், தோட்டத்துச் சகோதரர்களும் கேட்டிருக்கிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் தேவை, மறக்காமல் கொண்டு வாருங்கள்.